மெட்ராஸ் போகாத மெட்ராஸ் பாய்

மாயாபந்தர் போஸ்ட் ஆபீஸின் பெங்காலி குமாஸ்தா என்னைத் தெருவிலேயே கூப்பிட்டு நிறுத்தினார். "காதர் பாய் கா முஹ் மே கியா ஹுவா? தாந்த் கா தர்த்?" என்று கேட்டார். காதர் பாய்க்கு வாயில் என்ன, பல்வலியா என்று மனிதருக்கு உண்மையிலேயே கவலை. லவங்கத் தைலம் தடவச் சொல்லுங்கள் என்று வைத்தியம் வேறு சொன்னார். அவர் நீட்டிய தந்தியில் இரண்டே சொற்கள்: காதர் மௌத். நம் முஸ்லிம் மக்கள் சாவை மௌத்து என்பார்கள். அதை ஆங்கில எழுத்தில் அடித்தால் வாய் என்று அர்த்தமாகிவிடுகிறது. "மர் கயே, தாதா", இறந்துவிட்டார் என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. நான் படகு பிடித்துப் போர்ட் பிளேர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் அவரை அப்துல் காதர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மெட்ராஸ் பாய் என்றால் தெரியும். பஜாரின் ஏழெட்டுத் தமிழ்க் கடைகளுக்கும் சேர்த்து மெட்ராஸில் கொள்முதல் செய்து வருவதுதான் அவர் தொழில். துணி, பாத்திரம், குடை, சீப்பு, கண்ணாடி, எதுவானாலும் கப்பலேறிப் போய், கையால் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி, மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் வருவார். அப்போது நான் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளாக இருந்தேன். இரண்டு தடவை அவருடன் கப்பலில் போயிருக்கிறேன். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டு வாங்கிப் போனவர், மூட்டையைத் தானே தூக்கினார். கப்பலாட்டத்தில் நான் படுத்துக் கிடந்ததால் என்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லிப் பஜார் முழுக்கச் சிரிக்க வைத்தார்.

அவருடைய ஊர் நாகூருக்குப் பக்கத்தில். மனைவியும் மூன்று பெண்களும் அங்கேதான். ஒரே ஒருமுறை அவர் மனைவி இங்கே வந்தார். வந்த வழியெல்லாம் வாந்தி. திரும்பிப் போனதும், இனி கப்பல் என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஊரில் இவருக்குப் பிழைப்பு இல்லை. அதனால் வியாபாரத்துக்காக மெட்ராஸ் போகும்போதெல்லாம் சரக்கைக் கட்டி வைத்துவிட்டு ரயிலேறி ஊருக்கு ஓடுவார், கப்பல் புறப்படும் நாளுக்குள் திரும்பிவிடுவார். முதலாளிமார் கணக்கில் அது கொள்முதல் பயணம். அவருக்கு அதுதான் குடும்பம். மூத்த பெண்கள் இருவரின் கல்யாணத்தையும் கொள்முதலுக்குப் போன நேரத்தில்தான் நடத்தி வைத்தார்.

பிறகு அந்த வருஷம் வந்தது. மெட்ராஸ் மொத்தக் கடைகளின் ஆட்கள் மாதிரிப் பெட்டிகளுடன் தாங்களே இங்கு வந்து இறங்க ஆரம்பித்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டுவார்கள், இது வேண்டுமா, ஒரு தந்தி அடியுங்கள், சரக்கு தானாக வரும் என்பார்கள். முதலாளிமாருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆள் அனுப்ப வேண்டாம், சாப்பாடு தங்கல் பார்க்க வேண்டாம். காதர் பாய்க்காகக் கப்பலில் வழக்கமாகச் சொல்லி வைக்கும் இடத்தை விட்டுவிட்டார்கள். ஜுலைகா, அவருடைய கடைசிப் பெண், அவளுக்கு நிக்காஹ் நாள் குறித்திருந்தது. மழைக்கு முந்திய கொள்முதலை மனத்தில் வைத்துத்தான் அவர் நாளே குறித்தார். நிச்சயமானபோது அவர் கொடுத்த சர்க்கரையைத் தின்னாத முதலாளி ஒருவரும் இல்லை.

அப்போதுதான் கூடை வந்தது. மழைக்காலம் நெருங்கவே குடை அனுப்பச் சொல்லி மெட்ராஸுக்குத் தந்தி போயிருந்தது. ஆங்கில எழுத்தில் குடையும் கூடையும் ஒன்றுதான். மெட்ராஸ்காரர் கூடை என்று படித்துவிட்டார். கப்பல் வந்து மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் மூங்கில் கூடை. நாலாபக்கமும் மூங்கில் காடு மண்டிக் கிடக்கும் தீவுக்குக் கடல் தாண்டி மூங்கில் கூடை! பஜாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். தந்தியை நம்பினால் இதுதான் கதி, இனி பாயை அனுப்பாமல் என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். அதே கப்பல் திரும்பும்போது அவர் ஏறிவிட்டால் கல்யாணத்துக்குப் போய்விடலாம். அவர் முகத்திலும் அந்த நினைப்பு தெரிந்தது. அன்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

என் முதலாளி கடையில் எல்லாரும் கூடினார்கள். பாயையும் கூப்பிட்டார்கள். பெரிய பாத்திரக்கடை முதலாளி ஆரம்பித்தார்.

"பாய், நீங்க மெட்ராஸ்காரன் பேச்சு தெரிஞ்ச ஆளு. இந்த மாதிரி கட்பட் ஆகாம இருக்க, தந்தியில என்ன போட்டா அவனுக்குக் கரெக்டா புரியும்?"

அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் காதர் பாயைப் பார்த்தேன்.

"மழைக்குடைன்னு போடுங்க" என்றார். "மழைக்குக் கூடை யாரும் புடிக்க மாட்டான்."

"சாபாஷ்! இது டீக் ஹை" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். தந்தி போயிற்று.

வெளியே வந்ததும் நான் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே பாய்! கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவங்க கப்பல் ஆபீஸ்ல சொன்னா இடம் கிடைக்குமே."

"கேட்டா குடுப்பாஹ தம்பி. யாவாரத்துக்கு அனுப்புனா போவேன். பாவம் பாத்து அனுப்புனா எப்படிப் போறது?"

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? முதலாளிமார் மேல் வந்த கோபம் பாதி அவர் மேலும் வந்தது. இருந்தாலும் மறுநாள் அவரைக் கப்பல் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இடம் இல்லை என்றார்கள். அடுத்த கப்பல் கல்யாணத்துக்குப் பிறகு. விமானம் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஆபீசர்களுக்கும் உரியது, நாங்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. கப்பல் கூடைக்காரக் கப்பல் என்ற பெயரோடு புறப்பட்டுப் போயிற்று. நிக்காஹ் நாளன்று காதர் பாய் துறைமுகத்து டீக்கடையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். "இந்நேரம் சோறு வச்சிருப்பாஹ" என்று மட்டும் சொன்னார். அவர் டீ ஆறிக் கிடந்தது.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அந்த டீக்கடையில் அவர் ஒரு கச்சேரி நடத்துவார். அந்த வருஷம் யார் யார் எதற்காகக் கப்பலேறினார்கள் என்று அலசுவார். "ஆபீசர் போனா டூரு, யாவாரி போனா பிரயாணம், கூலிக்காரன் போனா ஊருக்குப் போறான்" என்பார். ஆளின் பெட்டியைப் பார்த்தே ஜோலியைச் சொல்லிவிடுவார். அந்த வருஷம் அவரைப் பேசச் சொல்லவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவராகவே பேசினார். "முன்னாடியெல்லாம் யாவாரின்னா இங்கேருந்து காலிப் பெட்டியோட போவான், ரொப்பிக்கிட்டு வருவான். இந்த வருஷம் அங்கேருந்து ரொப்பிக்கிட்டு வந்தவன்தான் ஜாஸ்தி. ஆர்டர எழுதிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டான். இனிமே நம்ம போக வேண்டாம். எல்லாம் நம்மளத் தேடி வந்துரும்." யாரோ கை தட்டினார்கள், நல்ல செய்தி என்று நினைத்து. அடுத்த வருஷம் அந்தக் கச்சேரி நடக்கவில்லை, பிறகு எப்போதும் நடக்கவில்லை.

டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் ஓர் அறையில் தனியாக இருந்தார். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கைப் பிரித்துக் கடைகளுக்குப் பங்கு போடும் வேலை கொடுத்தார்கள். வாங்கி வந்தவர், வந்ததைப் பிரிப்பவரானார். சும்மாவாவது ஒருமுறை ஊருக்குப் போய் வாருங்கள் என்று நான் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சொல்வேன். "யாவாரத்துக்குப் போனா, வீட்டுக்குள்ள மொதலாளி மாதிரி நுழைவேன். சும்மா போனா விருந்தாளி" என்பார். நான் மாயாபந்தரில் சொந்தமாகக் கடை வைத்து வந்துவிட்டேன். அவர் அந்த அறையிலேயே இருந்தார், அங்கேயே காய்ச்சலில் போனார். இதில் ஆறுதல் என்று சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தேடியும் பார்த்தேன்.

போன மாதம் என் வேலையாக மெட்ராஸ் போனவன், ரயிலேறி அவர் வீட்டுக்கும் போனேன். கணவர் இறந்ததால் அவர் மனைவி இத்தாவில் இருந்தார். அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அறை வாசலில் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஜுலைகா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் என் பெயரைச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவுஹளுக்கு அங்க யாவாரம் ரொம்பவோ தம்பி? நேரம் ஒழியல, ஒழியலன்னே வர்றவங்ககிட்டச் சொல்லி உடுவாஹ. தான் இல்லாட்டி பஜாரு நடக்காதுன்னு சொல்லி உடுவாஹ. மவ கல்யாணத்துக்குக்கூட வர ஒழியாம போச்சே, அப்படி என்ன யாவாரம்?"

ஜுலைகா தலை நிமிர்ந்து என்னையே பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "பாய் இல்லாம பஜார்ல ஒரு கடை நடக்காது. மூச்சு விட நேரமில்லாம இருந்தாரு."

திரைக்குப் பின்னால் அழுகை கேட்டது. அபர்டீன் பஜாரில் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த வீட்டு வாசலை மிதித்தால், இதையே சொல்லுங்கள். அவர் எனக்கு விட்டுப் போனது இந்த ஒரு பொய்தான். அதை நான் காப்பாற்றுவேன்.