பட்டம் சொல்லாவிட்டால் எழும்பமாட்டார்கள்

கடைத்திறப்பு, பாராட்டு விழா, மௌத்து அறிவிப்பு, எதுவென்றாலும் கல்முனையில் மைக் பிடிக்கிறவன் நான். இந்தத் தொழிலில் குரலை விட முக்கியம் ஆட்களின் பேருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருப்பவைதான். என்னைப் போல மேடையில் நின்று ஏச்சு வாங்கும் சகோதரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

ஆளில்லாத பேர்

சாய்ந்தமருதில் ஒரு புடவைக்கடைத் திறப்பு. ரிப்பன் வெட்ட வந்தவர் நெல் ஆலை முதலாளி. "ஜனாப் கபூர் அவர்களை அழைக்கிறோம்" என்றேன். மனிதர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டினேன். அசையவில்லை. கடைசியில் அவருடைய மச்சான் ஓடிவந்து, ஆள் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர், சமாதான நீதவான் வேறு என்று என் காதுக்குள் ஊதினார். "அல்ஹாஜ் கபூர் ஜே.பி அவர்கள்" என்று திருத்தினேன். 'ஜே.பி' வாயை விட்டு வருமுன்னமே எழும்பிவிட்டார். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, மைக்குக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, வெறும் கபூரக் கூப்பிட்டீங்க. அந்தப் பேர்ல இஞ்ச ஆருமில்ல, நான் என்ன செய்ய?"

மௌத்தானது ஆர்?

மருதமுனையில் ஒரு தையல்காரர் மௌத்து. ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி அறிவிக்கப் போனேன். மகன் பக்கத்தில் ஏறியிருந்து சொல்லித் தந்தார்: "டொக்டரின் மாமனாரும், அதிபரின் சகலனும், லண்டன் எஞ்சினியரின் தகப்பனாருமாகிய..." பேருக்கு வருமுன் ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பிவிடும். தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர் டொக்டர்தான் போய்விட்டார் என்று நினைத்து அவர் வீட்டுக்கு ஓட, டொக்டரே சாரனோடு வந்து கதவைத் திறந்தாராம்.

இந்தக் குழப்பம் மௌத்து வீட்டுக்கும் எட்டிவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து தையல்காரரின் மனைவியின் குரல் கேட்டது. அழுகையும் ஆத்திரமும் கலந்த குரல். "தம்பி, அவர்ர பேர முதல்ல சொல்லுங்க. ஊருக்கு உடுப்புத் தெச்சது அவருதான், டொக்டர் இல்ல."

முன்வரிசை

ஒலுவில் கடலில் குளிக்கப்போன கம்பஸில் படிக்கிற இரண்டு பொடியன்களை அலை இழுத்துக்கொண்டு போனது. தோணியில் போய் அவர்களை மீட்டவர் பாண்டிருப்பு மீனவர் யோகராசா அண்ணன். அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வெள்ளைச் சாரனும் புதுச் சேட்டுமாக, மனைவியோடு நேரத்துக்கே வந்து முன்வரிசையில் இருந்தார்.

பிறகு பிரமுகர் ஒருவர் தன் ஆட்களோடு வந்தார். கதிரை போதவில்லை. விழாக்காரர் ஒருவர் யோகராசா அண்ணனின் தோளில் தட்டி, "கொஞ்சம் எழும்புங்க, பெரியாக்கள் வந்திரிக்காங்க" என்றார். இருவரும் எழும்பினார்கள். பின்னாலும் இடமில்லை.

பிரமுகர் 'மீனவர்களின் வீரம்' பற்றி நீட்டி முழக்கினார். அதன்பிறகு நான் யோகராசா அண்ணனைக் கூப்பிட்டேன். ஆளைக் காணோம். மைக்கை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். வாசலில் மனைவியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்கட விழாவண்ணே! பொன்னாடை போர்த்தணும், வாங்க" என்று கையைப் பிடித்தேன்.

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "அத அந்தக் கதிரையில இரிக்கிறவருக்கே போடுங்க தம்பி. பொஞ்சாதிக்கு முன்னால என்ன எழுப்பிட்டீங்க, இனி எந்தப் பொன்னாடையால அத மூடுறது?"

ஊரிலுள்ள பட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம், ஊருக்கோ நான் இன்றைக்கும் வெறும் 'மைக்குக்காரன்'தான்.