மில் தராசு கொடுத்த நாலு கிலோ

நெல்லுக்கு நம்பாத தராசை உடம்புக்கு நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஏரித் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர், ஒரு மனைவி, பத்தொன்பது வயதில் ஒரு மகள். உடம்பு என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். களத்தில் நெல் தூற்றும்போது, "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, பதரோட நீயும் பூடப் போற" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்று கண்டுபிடித்து ரொம்ப காலம் ஆகியிருந்தது.

அந்தத் தை மாசம் கல்யாணத் தரகர் வந்தார். சாலவாக்கத்தில் ஒரு பையனை மகளுக்குப் பார்த்திருந்தோம். ஜாதகம் பொருந்திவிட்டது. மகளுக்கும் இஷ்டம்தான். அந்தப் பேச்சு வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஆனால் ஒரு பாத்திரம்கூட உருளாது, அவ்வளவு கவனமாகக் கேட்பாள்.

"எல்லாம் சரியா கீதுப்பா" என்றார் தரகர். "ஒரே ஒரு சங்கதி. பொண்ணோட நைனா ஏன் அப்படி கீறாருன்னு பையனோட அப்பா கேக்கறாரு."

"எப்படி கீறேனாம்?"

தரகர் ஆள்காட்டி விரலை நிமிர்த்திக் காட்டினார். "இப்படி. உங்க அண்ணன் எதுல செத்தாருன்னு வேற விசாரிச்சிக்கினு கீறாங்க."

அண்ணன் செத்தது டி.பி.யில். ஊருக்கே தெரிந்த விஷயம். அவருக்கு நோய் வந்த பிறகு வந்த மெலிந்த உடம்பு எனக்கு நோய் வராமலே இருந்தது. அப்படித்தான் அதுவரை நினைத்திருந்தேன். தரகர் போன பிறகு ஒவ்வொரு இருமலுக்கும் துண்டை விரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் வயலில் துப்பினேன், ரத்தச் சிவப்பு. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயில் வெற்றிலை இருப்பது ஞாபகம் வர ரொம்ப நேரம் ஆயிற்று.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயி நெஞ்சைப் படம் புடிச்சிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"நாத்து நடணும், வேலை கீது" என்றேன். அப்போது எங்கள் வயலில் நாற்றே விட்டிருக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

அந்த வாரம்தான் சம்பா நெல்லை மில்லுக்குக் கொண்டு போனேன். மில்காரன் தராசு மூட்டைக்கு இரண்டு கிலோ தின்றது. கத்திச் சண்டை போட்டேன். தொண்டை கட்டிய பிறகு, மூட்டை இறக்கிய அதே மேடைத் தராசில் நானும் ஏறினேன். நாற்பத்து நாலு. சரி, ஏற்றிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

ஏற்றுவது லேசாக இல்லை. விடிந்ததும் ஊறவைத்த வேர்க்கடலை. பிறகு நல்லெண்ணெயில் உடைத்து ஊற்றிய பச்சை முட்டை. மத்தியானம் உளுந்தங்களி. அதைக் கிண்டுவது மகள்தான். "இன்னும் ரெண்டே வாய், நைனா" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வாள். தன் கல்யாணத்துக்கு அவளே கிண்டிய களி அது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விழுங்குவேன். விழுங்கியதில் பாதி என்னிடம் தங்காது. ஏரிக்கரைப் புதருக்கும் வீட்டுக்கும் ஓடியதில் மிச்சமும் கரைந்திருக்கும். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டேன். சித்திரை வெயிலில் அது என்ன பாடு படுத்தும் என்பதை எழுத வேண்டாம்.

ஆடி மாசம் மாட்டுக்குத் தவிடு வாங்க மில்லுக்குப் போனவன் தராசில் ஏறினேன்.

"நாப்பத்தெட்டு, அண்ணே!" என்றான் தராசுக்காரன்.

இறங்கினேன். மறுபடி ஏறினேன். நாற்பத்தெட்டுதான். தவிட்டை அங்கேயே மறந்துவிட்டு டீக்கடைக்கு ஓடினேன்.

"நாலு கிலோவா? எங்க ஏறிச்சி, காட்டு பாப்போம்" என்றார்கள்.

"உள்ளார கீது" என்றேன்.

வீட்டில் சொன்னபோது மகள் சிரித்துவிட்டாள். அந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆவணியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு. பையனின் அப்பா தன் நெல்லை அதே மில்லுக்குக் கொண்டு வந்திருப்பதாகத் தரகர் சொன்னார். விடுவேனா? மூச்சிரைக்க சைக்கிள் மிதித்துப் போய் அவர் முன்னால் நின்றேன். "வாங்க சம்பந்தி" என்றேன். சம்பந்தி என்று அதுவரை யாரும் முடிவு செய்திருக்கவில்லை. "நம்ம உடம்பைப் பத்திக் கேட்டீங்களாமே? நீங்களே பாருங்க" என்று தராசில் ஏறி நின்றேன்.

நாற்பத்து நாலு.

இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினேன். நாற்பத்து நாலு. களியும் முட்டையும் எங்கே போயின? ஒரு மாசத்தில் நாலு கிலோ உருகிவிட்டேன் என்றால் அண்ணனுக்கு வந்தது வந்தேவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. என்னை இறக்கிவிட்டு அவரே ஏறினார். முள்ளைப் பார்த்தார். "எனக்கே ரெண்டு கிலோ கம்மியா காட்றான்" என்றார். "நெல்லு வாங்கற நாள்ல கம்மியா காட்டத் தராசுத் தண்டுல ஒரு திருகு, தவிடு விக்கற நாள்ல கூட காட்ட இன்னொரு திருகு. உங்களுக்குத் தெரியாதாங்க?"

தெரியும். தை மாசம் அதே தராசுக்கு முன்னால் நின்று நான் கத்தியதே அதற்குத்தான்.

அவர் என் தோளில் கை வைத்தார். எலும்பு தட்டியதோ என்னவோ, உடனே எடுத்துக்கொண்டார். "எடையெல்லாம் வோணாங்க. பெரியாஸ்பத்திரியில ஒரு படம் எடுத்துக் காட்டிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, வூட்ல பொம்பளைங்க கேக்கறாங்க."

போனேன். இனிப் போகாமல் இருக்க முடியாது. நெஞ்சுப் படத்துக்கான வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. முன்னால் நின்றவர் இருமினால் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன்; பின்னால் நின்றவர் இருமினால் முன்னால் நகர்வேன். அங்கிருந்த தராசு நாற்பத்தாறு காட்டியது. ஆக, ஏழு மாசம் தின்றதில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுத்த வாரம் படத்தைக் கொடுத்த டாக்டர், "நெஞ்சு சுத்தமா இருக்கு. உன் உடல்வாகே இதுதான், போ" என்றார். வாசலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு முற்றிப்போனதாக நினைத்துத் தன் டீயைக் கொடுத்தார். குடித்துவிட்டேன்.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் தரகர் நின்றுகொண்டிருந்தார்.

"டி.பி. வரிசையில நின்னியாமே? பாத்தவங்க சொல்லிட்டாங்கப்பா."

"அவருதானே போகச் சொன்னாரு!"

"சொன்னது அவரு. பாத்தது அவரு தங்கச்சி."

மறுநாள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சாலவாக்கம் போனேன். பையனின் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே பெண்கள் பேசுவது நின்றுபோனது. "நல்லாத்தான் கீது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

வீட்டில் மகள் களி கிண்டி வைத்திருந்தாள். முழுசும் தின்றேன்.

ஐப்பசியில் அந்தப் பையனுக்கு வேறு ஊரில் பெண் எடுத்தார்கள்.