கீரியின் வயிறும் காகத்துச் சோறும்

மகள் ஒரு ஃபெரெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, நாங்கள் அகதியாய் வந்து குடியேறிய லா ஷப்பலில் எங்களுக்குப் பெயர் 'கீரி வீட்டுக்காரர்'. பார்வைக்கு அது கீரி மாதிரியேதான், கண்ணைச் சுற்றி மட்டும் மை அப்பியதுபோல் கறுப்பு. நாங்களும் அதைக் கீரி என்றே கூப்பிட்டோம்.

சில மாதத்தில் அதற்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பச்சையும் சளியுமாய், தரைவிரிப்புக்கு மேலேயே. குடலில் கடுமையான அழற்சி, கோழியும் மாடும் ஒத்துக்கொள்ளாது என்றார் மிருக வைத்தியர். மருந்தோடு முயல் இறைச்சி மட்டும். வேறு ஒரு பருக்கைகூட வாயில் படக் கூடாது. கோழி தின்று வளர்ந்த செல்லம் முயலைக் கண்டதும் முகத்தைத் திருப்பியது. கொடுத்ததையெல்லாம் சோபாவுக்கடியில் ஒளித்தது. நான் இறைச்சியை அரைத்து, இளஞ்சூடாக்கி, விரலால் அதன் உதட்டில் பூசிப் பூசிப் பழக்கினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு மினக்கெட்டதில்லை. மகள் கேட்டால் கோபிப்பாள், கோபிக்கட்டும்.

அப்போது என் கணவருக்கு ஏழரைச் சனி. சனிக்கிழமை தவறாமல் விரதம். தலை முழுகி, திருநீறு பூசி, சோறு, பருப்பு, நெய், தயிர் எல்லாம் குழைத்துக் காகத்துக்கு வைத்து, அது கொத்திய பிறகுதான் தான் சாப்பிடுவார். ஆனால் எங்கள் ஜன்னலுக்குக் காகத்தை முந்திக்கொண்டு புறாக்கூட்டம் வந்தது. கீழ்வீட்டுப் பெண்மணி காயப்போட்ட உடுப்பிலெல்லாம் எச்சம். கடைசியில், பறவைகளுக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று லிஃப்டில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதன்பிறகு அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. விரதத்தை எப்படி முடிக்கிறார் என்று நான் கேட்கவுமில்லை. சனிக்கிழமையில் எனக்குக் கடையில் வேலை, மகளும் வீட்டில் நிற்பதில்லை.

கிழமை நடுவில் கீரி கொஞ்சம் தேறும். ஞாயிறு விடிந்தால் பழையபடி கூத்து. தடவினால் முதுகெலும்பு விரலில் இடறியது. வேறு ஏதும் தின்கிறதா என்று வைத்தியர் துருவித் துருவிக் கேட்டார். இல்லவே இல்லை என்று நானும் மகளும் சத்தியம் பண்ணாத குறை. அப்படியானால், இன்னும் மெலிந்தால் ஊசி போட்டு நோவில்லாமல் அனுப்பிவைப்பதுதான் நல்லது என்றார். மகள் மெத்ரோவில் வீடு வரும்வரை அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை கடையில் மின்சாரம் போய், எங்களை நேரத்தோடு விட்டார்கள். வீட்டுக் கதவைத் திறக்கிறேன், குசினிக்குள்ளிருந்து "கா... கா..." என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். தரையில் வாழையிலைத் துண்டு. அதில் நெய் மின்னும் சோற்றுருண்டை. ஒரு பக்கம் ஈரத்தலையோடு என் மனுசன் சம்மணமிட்டு இருக்கிறார். எதிர்ப்பக்கம் கீரி, மீசை முழுக்கத் தயிர்.

பைகளோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். விலா நோகும்வரை சிரித்தேன்.

"காகம் வராமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது?" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "இதுவும் வாயில்லாச் சீவன்தானே. முகமும் கறுப்பு."

முயலை மட்டும் தின்று மெலிகிறதே, கொஞ்சம் நெய் சேர்ந்தால் உடம்பு பிடிக்கும் என்றும் நினைத்தாராம். சிரிப்பு அடங்கியதும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. வைத்தியர் சொன்ன ஊசியைப் பற்றிச் சொன்னேன். நானும் மகளும் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மனுசன் முகம் செத்துப்போனது. இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். அன்றைக்குத் தானும் சாப்பிடவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் பட்டினியாகவே கிடந்தார். காகத்துக்கே இல்லாதது தனக்கெதற்கு என்று முறுக்கிக்கொண்டார். கீரியின் பக்கம் போகவே பயந்தார். அது காலைச் சுற்றி வந்தால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஒரு ஞாயிறு காலை என்னை உலுக்கி எழுப்பினார். மூலையில் இருந்த கீரியின் மலப்பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்துகொண்டு, கடதாசியில் எதையோ ஏந்திக் காட்டினார்.

"இஞ்சை பாரும். கட்டியாப் போயிருக்கு."

இந்த நாட்டில் தங்க எங்களுக்கு விசாப் பேப்பர் கிடைத்த நாளில்கூட நான் இந்த முகத்தைக் கண்டதில்லை. சத்தம் கேட்டு மகள் வந்தாள். குனிந்து பார்த்தாள். தகப்பனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவரோ கடதாசியை ஒரு கையில் உயரத் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.