இடது பக்கம் கம்மியாகக் கேட்கிறது

இயர்போன் கவுன்ட்டரில் புதிதாக நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆழ்வார்பேட்டையில் ஓர் ஆடியோ கடையில் பதினேழு வருடமாக நிற்பவன் நான். பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. யாரும் கேட்காமலேயே அதையெல்லாம் சொல்லியும் இருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

1. விற்றது

வைதேகி மேடம் மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். ஐம்பது வயது இருக்கும். வாரத்தில் நான்கு நாள் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி அடையாறு பக்கம் வகுப்பெடுக்கப் போவார். வழியில் தன் குருவின் பழைய கேசட் பாடங்களை போனில் கேட்பார். போனோடு வந்த இயர்போனில் கேட்டு அலுத்துப்போய்த்தான் எங்களிடம் வந்தார்.

"ரயில் சத்தத்துல தம்புராவே காணாமப் போயிடறது. பாஸ் எல்லாம் எனக்கு வேண்டாம். குரல் குரலா கேக்கணும்," என்றார்.

இப்படித் தெளிவாகக் கேட்கிற கஸ்டமர் மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். நான்கு ஜோடி போட்டுக் காட்டினேன். முதல் ஜோடியில் குரல் முன்னால் வந்தது, ஆனால் காதைக் கீறியது. இரண்டாவது நடக்கும்போது நழுவியது. மூன்றாவதைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க மூச்சு வாங்கறார். இத்தனை வருஷத்துல இது எனக்குக் கேட்டதே இல்லை."

அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலாவதை அவர் தொடவே இல்லை.

2. கடைச் சட்டம்

எங்கள் முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. "கம்ப்ளெயின்ட்னு வந்தா பீஸ்லதான் கோளாறுன்னு வச்சுக்கோ. கஸ்டமர் மேல தப்பு சொல்லாத. சொன்னா ஆளு திரும்பி வர மாட்டாங்க." அதை நான் வேதவாக்காகவே வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கடை திறந்ததுமே மேடம் வந்தார்.

"நேத்து கார்த்தாலேந்து இடது பக்கம் கம்மியா கேக்கறது. கழட்டி வச்சப்புறமும் அடைச்சாப்பலயே இருக்கு."

கழற்றிய பிறகும் அடைப்பு என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"டிப்ஸ் சைஸ் பெருசா இருக்கும் மேடம். பழகிடும்," என்று சின்ன ரப்பரை மாட்டிக் கொடுத்தேன். கேட்கவில்லை. சத்தம் வரும் வாயில் இருக்கிற சல்லடையைச் சுத்தம் செய்தேன், கேபிளை மாற்றினேன். அப்போதும் இல்லை. நானே ஒரு தடவை போட்டுக் கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். அவர் கண் முன்னால் டெஸ்ட் செய்தால் அவர் பேச்சை நம்பாததுபோல் ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். மரியாதையாம்.

"உங்க மேல தப்பே இல்ல மேடம். பீஸ்தான். பத்து நாள்ல புதுசு வந்துடும்," என்று கம்பெனிக்கு அனுப்பினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

3. மாற்றிப் போட்டது

புது பீஸ் வர பன்னிரண்டு நாள் ஆனது. போட்டுப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "இதுலயும் அப்படியேதான் இருக்கு."

கழற்றிய பிறகும் அடைப்பு என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "மேடம், இடதை வலது காதுலயும் வலதை இடது காதுலயும் போட்டுப் பாருங்க."

போட்டார். "வலது காதுல நன்னா கேக்கறது."

"இடதுல?"

இரண்டையும் கழற்றிக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் வைத்தார். இடது காதுக்குப் பக்கத்தில் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு வலது காதுக்குப் பக்கத்தில்.

"அப்போ இது பீஸ் இல்லை," என்றார்.

ஆட்டோ பிடித்து நானே காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டவர், நாள் கணக்கைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். "இது காது நரம்பு விஷயம். அன்னிக்கே வந்திருக்கணும்மா. ஆரம்பத்துலயே மருந்து குடுத்தா நிறைய பேருக்குத் திரும்பும். இப்பவும் பார்ப்போம்." மாத்திரை, ஊசி எல்லாம் நடந்தது. கொஞ்சம்தான் திரும்பியது. அன்றே போயிருந்தால் முழுக்கத் திரும்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

4. சொன்னது

சில மாதம் கழித்து, எங்களிடமே விட்டுப்போன ஜோடியை வாங்கிக்கொள்ள வந்தார். ஷெல்ஃபைப் பார்த்துக்கொண்டு நின்றவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காதபடி, "என்னை மன்னிச்சுடுங்க மேடம்," என்றேன். அவர் திரும்பவே இல்லை. கோபம் நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரம் கழித்து என்னைப் பார்த்தார். "ஏதாவது சொன்னேளா? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கோ."

நான் நின்றது அவருடைய இடது பக்கம். வலது பக்கம் போய் மறுபடி சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது.

"நானும் பீஸ்தான்னு நெனச்சேன். என் காதைப் பத்தி உங்களைவிட எனக்கன்னா தெரிஞ்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு பக்கம் கம்மி என்று யார் வந்தாலும் முதலில் இடதையும் வலதையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. குறை பீஸோடு நகர்ந்தால் கம்பெனிக்கு அனுப்புங்கள். காதிலேயே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். சிலருக்கு வெறும் காது அழுக்காக இருக்கும். இருக்கட்டும்.

போன வாரம் ஒருவருக்கு மாற்றிப் போட்டும் குறை காதிலேயே நின்றது. டாக்டர் என்றதும் சத்தம் போட்டார். "இன்னாயா, என்னைச் செவுடுன்றியா? கூப்புடு உன் மொதலாளிய." முதலாளியும் முறைத்தபடி உள்ளேயிருந்து வந்தார்.

"அவரே வந்துட்டார் சார்," என்றேன். "இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நாளைக்கு வந்து எவ்வளவு வேணாலும் திட்டுங்க."