பேர் வெட்டாத போட்டி

டெலிவிஷன் பெட்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஒரு டெலிவிஷன் போட்டியைத் தோற்கடித்தவன் நான். இந்தப் பெருமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

எழுபதுகளில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டெம்பரரி ரைட்டராக இருந்தேன். செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பெயர் எழுதுவதும் வெட்டுவதும் என் வேலை. பேர் வெட்டினால் அந்த ஆளுக்கு வேலை போனது என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் பெயர் பதிந்த எனக்கு நிரந்தரப் பட்டியலில் பெயர் இல்லை.

லீவில் லண்டன் போய் வந்த மலையாளி மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார்.

"அங்கே டிவியில ஒரு கேம் உண்டு. தப்பு பறஞ்ஞா பேர் வெட்டணும். ஒருத்தன் வெளியில போகணும், பாக்கியுள்ளவர் கைதட்டணும். அதாணு ரசம்! கிளப் டேக்கு நீ நடத்து. நல்லா நடந்தா நீ பெர்மனன்ட். இல்லெங்கில் கம்பத்துக்கு பஸ் இருக்கு."

ஞாயிறு மதியம், பெரட்டுக் களம்

தினம் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் அதே களத்தில் மேடை. கரும்பலகையில் போட்டியாளர் நால்வரின் பெயர்கள். பரிசு ஒரு டிரான்சிஸ்டர். மைக் பிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொழுந்து எடுக்கும் பேச்சியம்மாவிடம் முதல் கேள்வி: இந்தியாவின் தலைநகரம்?

"பீருமேடு."

"பீருமேடா?"

"சர்க்கார் காரியம் எதுன்னாலும் அங்கதான போயி நிக்கிறோம்?"

பதிலில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமே! சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து மைக்கில் முழங்கினேன்: "பேச்சியம்மா! பேர் வெட்டியாச்சு!"

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"எங்க பெரியம்மா இருவது வருசமா கொழுந்து எடுக்குது. என்ன குத்தத்துக்குய்யா வெட்டுனீரு?"

விளையாட்டுக்குத்தான் என்றேன். அவள் உட்காரவில்லை. அவசரமாக அடுத்தவர் மாரியப்பனிடம் போனேன். களத்துக்குக் கீழே பெரியாறு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேள்வியும் அதுவே: நம் ஊர் ஆற்றின் பெயர் என்ன?

"தெரியாதுங்கய்யா."

"அந்தா கேக்குதே, அது என்ன?"

"தண்ணிச் சத்தம்."

"பேரு?"

"மறந்துபோச்சு. நான் ஜெயிச்சா இவுக ரெண்டு பேரு பேரையும் வெட்டுவீகள்ல? எனக்கெதுக்கு அந்தப் பாவம்?"

மற்ற இருவருக்கும் திடீரென்று எஸ்டேட் பெயரே மறந்துபோனது. முன்வரிசையில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

காப்பாற்றியவர் பேச்சியம்மாதான்.

"ரைட்டரய்யா, பலகையச் சுத்தமா அழிங்க. சரியாச் சொன்னா ஒரு பேரு பதியுங்க. யாரு பேர வேணாலும் அவுக சொல்லட்டும். பெறகு பாருங்க."

அழித்தேன். அதே கேள்வியைக் கேட்டேன். "பெரியாறு!" என்று மாரியப்பன் மைக் இல்லாமலே கத்தினார். "பதியுங்க, பேச்சியம்மா!"

அப்புறம் நடந்ததுதான் விளையாட்டு. மேடையில் இருப்பவர் திணறினால் களமே விடை சொன்னது. பலகை நிறைந்து ஓரத்தில் நுணுக்கி எழுதினேன். முப்பது வருடம் மேடை பார்த்தவர்கள்கூட இத்தனை சுலபமாக ஒரு விதியைத் திருப்பிப் போட்டு நான் பார்த்ததில்லை. பேச்சியம்மாவுக்கு அது அரை நிமிட வேலை.

கடைசிக் கேள்விக்கு அவரே சரியாகச் சொன்னார். யார் பெயர் என்றேன்.

"ஒம்ம பேருதான். நீரும் இன்னும் டெம்பரரிதானவே?"

களம் சிரித்த சிரிப்பில் மைக் கூவியது. என் பெயரை எழுதினேன். மேனேஜர் எழுந்து வந்து பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ஆரு ஜெயிச்சது?"

"எல்லாரும் சார்."

"லண்டனில இப்படி இல்ல," என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "செரி. கடைசிப் பேரு நாளை பெர்மனன்ட் ரோலிலும் எழுதிக்கோ."

எழுத வேண்டிய ரைட்டரும் நான்தானே! என் கையெழுத்தாலேயே நிரந்தரமானேன். டிரான்சிஸ்டர் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எல்லோருக்குமாகப் பாடியது.

வெளியூரில் ஓடிய போட்டி இங்கே ஏன் படுத்தது என்று இப்போது டிவியில் போட்டி நடத்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த ஊர் எந்தச் சொல்லுக்குப் பயப்படுகிறது என்று முதலில் விசாரியுங்கள் என்பேன். அன்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க எங்கும் போயிருக்க வேண்டியதும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அந்தக் களத்தில் மிக அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவன் மைக்கைப் பிடித்திருந்தவன்தான்.