முனுசாமியின் பால் பாட்டில்

கிரிமினல் வக்கீல் தொழிலில் பொய் சொல்லும் கட்சிக்காரனைச் சமாளித்துவிடலாம். அவசரப்பட்டு ஒத்துக்கொள்பவன்தான் நம் கழுத்தை அறுப்பான். கறுப்புக் கோட்டுப் போட்டு வெயிலில் வெந்தவர்களுக்கு இது புரியும். ஐம்பதுகளின் கடைசியில், திருவள்ளூர் கோர்ட்டில் எனக்கு வந்ததெல்லாம் சாராய கேஸ், எடைக்கல் கேஸ், பால் கேஸ். கொலைகாரர்கள் மெட்ராஸ் வக்கீலிடம் போய்விடுவார்கள்.

மூணு மணிக் கறவை

முனுசாமிக்குப் பெரியபாளையம் பக்கம். நாலு எருமை. சைக்கிளில் கேன் கட்டி வந்து திருவள்ளூர் ஓட்டல்களுக்குப் பால் ஊற்றுவான். பாலில் தண்ணீர் என்று இரண்டாம் முறை பிடிபட்டிருந்தான். முதல் முறை அபராதத்தோடு போயிற்று. இந்த முறை ஜெயில். அவன் பெண்சாதி கன்னியம்மாவுக்கு சைக்கிள் விடத் தெரியாது. அவன் உள்ளே போனால் எருமைகளை விற்க வேண்டியதுதான்.

தண்ணீர் கலந்தாயா என்றேன். இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அப்புறம் ஏனய்யா முதல் கேசில் குற்றத்தை ஒத்துக்கொண்டாய்?

"இல்லைன்னு சொன்னா சாயங்காலம் வரைக்கும் குந்திக்கினு இருக்கணும்னாங்க. மூணு மணிக்குக் கறக்கணுமே! எருமைக்குக் கோர்ட்டு டைம் தெரியுமா ஐயா?"

ஆதாரத்தைத் தின்றவர்கள்

பாலைப் பிடித்தால் சுகாதார இன்ஸ்பெக்டர் மூன்று பாட்டிலில் ஊற்றி அரக்கு முத்திரை வைப்பார். ஒன்று பரிசோதனைக்கு. ஒன்று அவரிடம். ஒன்று பால்காரனிடம். அவன் வேறு இடத்தில் சோதித்துப் பார்க்கலாம். முனுசாமிக்கு இருந்த ஒரே பிடி அந்த மூன்றாவது பாட்டில். எங்கே என்றேன். தலையைச் சொறிந்தான். கூட வந்திருந்த கன்னியம்மா சொன்னாள்: "பாலை எத்தினி நாளு பாத்துக்கினே இருக்கறது? பாட்டில்லயே மோர் ஊத்தித் தோச்சிட்டேன்."

கேஸ் கட்டை வீசி எறிந்தேன். வேறு வக்கீலைப் பார் என்று கத்தினேன். என் குமாஸ்தா ஒரு தயிர்ப் பைத்தியம். கீழே சிதறிய காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே நிதானமாகக் கேட்டான்:

"ஏம்மா, தயிர் கெட்டியா உறைஞ்சுதா?"

சாட்சி சொன்ன தயிர்

உறைந்ததாம். கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

கோர்ட்டில் இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். மூன்று பாட்டிலிலும் மருந்து கலந்தீரா? கலந்தேன். எதற்கு? கெடாமல் இருக்க. மருந்து கலந்த பால் தயிராகுமா? ஒருநாளும் ஆகாது.

கன்னியம்மாவைக் கூண்டில் ஏற்றினேன். பாட்டிலை நீட்டினாள். வெளியே இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு, உள்ளே காய்ந்த தயிர். மாஜிஸ்டிரேட் முகர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகத் தள்ளி வைத்தார். மருந்து போடவில்லை என்றால் பரிசோதனைக்குப் போன பாலும் வழியிலேயே கெட்டிருக்கும். அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. கேஸ் தள்ளுபடி. அதற்கு முன் சர்க்கார் வக்கீல் கடைசியாக அவள்மேல் பாய்ந்தார்: சர்க்கார் முத்திரையை எப்படி உடைத்தாய்?

"முத்திரைய நாங்க இன்னா பண்ணப் போறோம் சாமி? உள்ள இருந்தது எங்க எருமைப் பாலு."

நன்றிக் கடன்

மறுவாரமே முனுசாமி என் வீட்டுக்கும் பால் ஊற்ற ஆரம்பித்தான். முதல் நாள் என் மனைவி காப்பி டம்ளரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். டம்ளரின் அடி தெரிந்தது.

வாசலுக்கு ஓடி சைக்கிளைப் பிடித்தேன். "யோவ், அன்றைக்குச் சத்தியம் பண்ணினாயே, இது இன்னாய்யா?" என்றேன். கொஞ்சமும் அசரவில்லை. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

"நீங்க இருக்கச்சே எனக்கு இன்னா நைனா பயம்?"

சக வக்கீல்களுக்கு ஒரே வார்த்தை: கட்சிக்காரனுக்கு விடுதலை வாங்கிக் கொடுங்கள், அவனிடம் பால் வாங்காதீர்கள்.