கைப்பிடிக்குக் கீழே ஒரு கீறல்

மீன்காரம்மா தராசைத் தூக்கும்போது எல்லாரும் முள்ளைப் பார்ப்பார்கள். நான் அவள் சுண்டுவிரலைப் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி. கடலூரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகவே காலம் தள்ளியவன் நான். தம்பிக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, அதே தம்பியோடு டீ குடிக்கப் போகும் அண்ணன்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு மனுஷனுக்கு யார் மேல்தான் நம்பிக்கை வரும்?

எங்கள் வீட்டில் ஒரு பழைய வாள் உண்டு. முப்பாட்டனார் ஒருவர் தேவனாம்பட்டினம் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தில் இருந்தாராம். அவருடைய வாள் என்பார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது, கொடுத்தாரா, இவரே எடுத்துக்கொண்டு வந்தாரா தெரியாது என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது கதை மேல்தான் நம்பிக்கை. ஆயுத பூஜைக்கு அதை எடுத்துத் துடைத்து, அலகில் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பல வருஷத்துப் பொட்டு அதன் பள்ளத்தில் இறுகிப்போய்க் கிடந்தது.

அப்பா சாகும்முன் ஒரு ஏற்பாடு செய்தார். நானும் தங்கச்சியும்தான் பிள்ளைகள். வாள் ஒரு வருஷம் கடலூரில் என் வீட்டில், ஒரு வருஷம் சிதம்பரத்தில் அவள் வீட்டில். ஆயுத பூஜைக்கு முதல்நாள், வைத்திருப்பவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு வாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் தங்கச்சிக்கென்று விட்டுப்போனது அந்த முறை ஒன்றுதான். வீடு எனக்கு வந்துவிட்டது.

போர்வையில் சுற்றி பஸ்ஸில்தான் கொண்டுபோவேன். "என்ன சார் அது, கம்பியா?" என்று கண்டக்டர் கேட்பார். ஸ்கிரீன் மாட்டும் ராடு என்பேன். போலீஸ்காரர் யாராவது ஏறினால் போர்வையைக் காலுக்கு நடுவில் தள்ளிவைத்துக்கொள்வேன்.

தங்கச்சி வீட்டுக்காரர் சிதம்பரத்தில் பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். 2008 கடைசியில் ஒருநாள் நான் போனபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கடையில் உட்கார்ந்திருந்தார். பழைய கதவு, பழைய விளக்கு என்று தேடி அலைகிற ஆள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் வாள் இருந்தது அவர்கள் வீட்டில். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளையே போன் செய்தார். கடலூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தில் கோட்டை காலத்து ஆயுதங்களை வைக்கப்போகிறார்களாம். வாளை இரவல் கேட்கிறார்களாம். "நான்தான் சொன்னேன் மச்சான். அங்க இருந்தா பத்தரமா இருக்கும்ல?" என்றார். முதலில் புதுச்சேரிக்காரர், அப்புறம் அருங்காட்சியகம். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அருங்காட்சியகக் காப்பாளர் அம்மா விதிகளோடு சிதம்பரத்துக்கே வந்தார். நானும் அன்று காலையிலேயே அங்கே போய்விட்டேன். மூன்று பக்கம். நான் இரண்டு தரம் படித்தேன். உண்மையைச் சொன்னால், சொக்கிப்போனேன். என்னைப் போலவே யாரையும் நம்பாத ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு மட்டும் இரவல். நான்கு பக்கமும் போட்டோ. எழுதிக் கேட்காமல் கழுவக்கூடாது, எண்ணெய் போடக்கூடாது, வேறு ஊருக்கு அனுப்பக்கூடாது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கொடுத்தவர் அசல் ரசீதோடு நேரில் வந்தால்தான் திருப்பித் தருவார்கள். வேறு ஆளை அனுப்பினால் அசல் ரசீதும், சாட்சிக் கையெழுத்தோடு கடிதமும் வேண்டும்.

உரிமையாளர் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றால் தனித்தாள் உண்டு, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் காப்பாளர் அம்மா.

"ரெண்டு பேர் பேரயும் போட்டுடலாம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவு வேகமாக அவர் சொன்னதுதான் என்னை உசுப்பிவிட்டது. கூட்டுப் பெயரில் இருக்கிற சொத்து எப்படிப் போகும் என்று எனக்கா தெரியாது? "ஒரு பேரா இருந்தாத்தான் சிக்கல் இல்ல மாப்ள," என்று சொல்லிவிட்டு, கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வாசகம் அச்சடித்திருந்தது. இந்தப் பொருள் முழுவதும் எனக்கே உரியது, வேறு யாருக்கும் இதில் பாத்தியதை இல்லை என்று. அதையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தங்கச்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வைக்க இடம் வேண்டி அந்தத் தாளை நகர்த்தினாள்.

நான் இன்னொன்றும் செய்திருந்தேன். அன்று காலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கைப்பிடிக்குக் கீழே உள்ள தட்டின் அடியில் கோணி ஊசியால் ஒரு கீறல் போட்டுவைத்தேன். நாளைக்கு வேறு வாளை மாற்றிக் கொடுத்துவிட்டால் கண்டுபிடிக்க வேண்டாமா? காப்பாளர் அம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வாளின் நிலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "அலகில் மூணு எடத்துல சந்தன குங்குமப் படிவு. நுனியில துரு. கைப்பிடி அடியில ஒரு கீறல்... இது புதுசு. ஊசியால போட்ட மாதிரி இருக்கே!" மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மூன்று வருஷம் மாதம் ஒருமுறையாவது அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். வாள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. கீறல் இருந்த பக்கம் கீழே. குனிந்து பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "சார், அது எங்கயும் நடந்து போவாது சார்," என்று வாட்ச்மேன் கிண்டல் செய்வார். பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையில் இரவல் தந்தவர் என்று என் பெயர் மட்டும் இருந்தது. ஒருமுறை தங்கச்சி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தாளாம். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வீட்டுக்காரர் எதையோ சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

2011 கடைசியில் அடித்த புயலில் கடலூர் சின்னாபின்னமானது. எங்கள் கொல்லையில் விழுந்த முருங்கையை வெட்டப் போய் வழுக்கி விழுந்தேன். காலில் மாவுக்கட்டு. கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை. தங்கச்சியும் வீட்டுக்காரரும் சிதம்பரத்திலிருந்து அரிசி, மெழுகுவத்தி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள்தான் எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். அந்தச் சமயத்தில் அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்தது. கூரை பிய்ந்து மழை உள்ளே இறங்குகிறது, இரவல் பொருள்களை உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

மாப்பிள்ளைதான் போக வேண்டும். ஆனால் அசல் ரசீதை அவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. விதி தெரிந்தும், எடுத்துவைத்திருந்த ஜெராக்ஸைக் கொடுத்தனுப்பினேன். அவர் விழுந்துகிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போனார். வெறுங்கையோடு திரும்பினார். வேட்டியெல்லாம் சேறு.

"அசல் வேணுமாம் மச்சான். தங்கச்சி வூட்டுக்காரர்னு சொன்னேன். அந்தம்மா ஃபைலப் பாத்துட்டு, இதுல வேற யாருக்கும் பாத்தியத இல்லன்னு எழுதியிருக்குதே சார்ன்றாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "எதுனா தப்பா டைப் பண்ணிட்டாங்களா?"

தங்கச்சி அடுப்பிலிருந்து சோற்றை இறக்கிவைத்தாள்.

"தப்பா எல்லாம் இல்ல. அண்ணன் படிச்சிட்டுத்தான் போட்டுச்சு. காப்பி வைக்கும்போது நானும் படிச்சேன்."

"அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா பங்கு கேக்க வந்துட்டான்னு நெனச்சிருப்ப. இவரு ஏத்திவுட்டாருன்னு நெனச்சிருப்ப. அதான் இவருகிட்டயும் சொல்லல."

அப்போதுதான் புதுச்சேரிக்காரர் விஷயமும் வெளியே வந்தது. வாளைக் கொடு கொடு என்று அந்த ஆள் செய்த தொல்லை தாங்காமல், தன் கையைவிட்டு அது பத்திரமான இடத்துக்குப் போய்விட்டால் போதும் என்றுதான் மாப்பிள்ளை அருங்காட்சியகத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. காலில் கட்டு மட்டும் இல்லையென்றால் எழுந்து எங்காவது போயிருப்பேன்.

அசல் ரசீதைப் பீரோவிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட, கடிதமும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வாள் வந்தது. அன்றைக்கு நான் கீறலைத் தேடவில்லை. போர்வையைப் பிரிக்காமலே மேலே வைக்கச் சொன்னேன். எவ்வளவு மாறிவிட்டோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

2012 ஆயுத பூஜை வந்தது. இடையில் மூன்று வருஷம் விட்டுப்போனதால் யார் முறை என்பதே குழம்பிக் கிடந்தது. கடைசியாக அவர்கள் வீட்டில் இருந்ததால், கணக்குப் பார்த்தால் என் முறைதான். இருந்தும் முதல்நாளே வாளைச் சுற்றிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

தங்கச்சி சிரித்த முகமாகத்தான் வாங்கினாள். பூஜை அறையில் வைத்துவிட்டு, மகளுடைய கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எழுதினாள். வாள் ஒன்று. மூன்று இடத்தில் சந்தன குங்குமம். நுனியில் துரு. கைப்பிடிக்குக் கீழே கீறல் ஒன்று, அண்ணன் போட்டது. மூன்று நாள் இரவல். இரவல் வாங்கியவர் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். உரிமையாளர் என்று ஒரு கோடு போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"என்னம்மா இது?"

"அப்பா சொன்னது வாய்ப்பேச்சு. நீ எழுதிக் குடுத்ததுதான நிக்கும்? நீயே சொல்லுவியே."

அவள் குத்திக்காட்டவில்லை. அப்படிக் குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் வாளை எடுத்துக்கொண்டு போ, இன்னும் பஸ் இருக்கிறது என்றாள். கடைசியில் போட்டேன்.

பூஜை முடிந்து, தாளில் எழுதியபடி மூன்றாம் நாள் மாப்பிள்ளை கடலூருக்கு வந்தார். அதே போர்வை. கூடவே அந்தத் தாள். வாளை என் மடியில் வைத்தார்.

"கீறல் இருக்குதான்னு பாத்துக்க சொன்னா மச்சான்," என்றார்.

சேச்சே, அதெல்லாம் எதற்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை வாளைத் திருப்பிவிட்டது. கீறல் இருந்தது. நிமிர்ந்தபோது மாப்பிள்ளை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.